தோட்டத்துக் கேமராவை வெளியூரில் இருந்து பார்ப்பது எப்படி?

கேள்வி: "பல்லடம் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் தோட்டம். அப்பாவும் அம்மாவும் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். நான்கு கேமராவும் ஒரு டி.வி.ஆரும் வாங்கி மாட்டி, ஃபைபர் இணைப்பும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வீட்டு டி.வி.யில் படம் தெரிகிறது. என் போனில் தெரியவில்லை. 'ரூட்டரில் போர்ட் ஃபார்வார்டிங் போட வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம்' என்கிறார் கேமரா மாட்டியவர். இதை நானே செய்ய முடியுமா? செய்தால் ஆபத்து உண்டா?"

– வாசகர் ஒருவர், திருப்பூர் மாவட்டம்.

பதில்: கொங்குப் பகுதியில் தோட்டத்து வீடுகளில் தனியாக வசிக்கும் வயதானவர்களைக் குறிவைத்து நடந்த கொலை, கொள்ளைகளுக்குப் பிறகு, பல குடும்பங்கள் கேமரா மாட்டத் தொடங்கியிருக்கின்றன. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது ஒரு தைரியம். ஆனால், அந்தக் கேமராவை எப்படி இணைக்கிறோம் என்பதில் தவறு நடந்தால், பிள்ளைகள் பார்க்க வேண்டிய படத்தை முன்பின் தெரியாதவனும் பார்க்க நேரிடும். வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்போது வெளியே போகிறார்கள் என்பதை அவனுக்கு நாமே காட்டிக்கொடுத்தது போலாகிவிடும்.

போர்ட் ஃபார்வார்டிங்கை சொந்தமாகச் செய்துகொள்ளலாம். அரை மணி நேர வேலைதான். ஆனால் இன்றைய வீட்டு இணைப்புகள் பலவற்றில் அது வேலை செய்யாது. வேலை செய்யும் இடத்திலும், டி.வி.ஆருக்கு நேராக வாசலைத் திறந்துவிடுவதைக் கடைசி வழியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். காரணத்தைப் புரிந்துகொண்டால், பணம் கேட்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ரூட்டர் என்ன செய்கிறது?

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் லாரிக்காரருக்குத் தெரிந்தது மார்க்கெட் என்ற ஒரே முகவரி. உள்ளே எத்தனையோ கடைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எந்தக் கடைக்கு என்று சொல்லாமல் வரும் லாரியை வாசலில் இருப்பவர் எங்கே அனுப்புவார்? திருப்பித்தான் அனுப்புவார்.

வீட்டு ரூட்டரும் இப்படித்தான். வெளியுலகத்துக்கு வீட்டுக்கு ஒரே முகவரி. இதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர். உள்ளே இருக்கும் போன், டி.வி., டி.வி.ஆர். ஒவ்வொன்றுக்கும் ரூட்டர் தனித்தனியாக உள் முகவரி கொடுக்கிறது. அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். உள்ளே இருந்து வெளியே போவதை ரூட்டர் தடுப்பதில்லை. அதற்கு வரும் பதிலையும் சரியான ஆளிடம் சேர்க்கிறது. ஆனால் உள்ளே யாரும் கேட்காமல், வெளியில் இருந்து தானாக வந்து நிற்பதை வாசலிலேயே நிறுத்திவிடும். ஓசூரில் இருந்து போன் வந்து நின்றாலும் இதே கதிதான்.

'இந்த எண்ணோடு வந்தால் டி.வி.ஆரிடம் அனுப்பு' என்று வாசலில் சீட்டு எழுதி ஒட்டுவதுதான் போர்ட் ஃபார்வார்டிங். அந்த எண்தான் போர்ட். போர்ட் எண் 65,535 வரை போகும். பல டி.வி.ஆர்.களில் 80, 554, 8000, 37777 ஆகிய எண்கள் வழக்கமாக இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது: முகவரி உங்களுடையதுதானா?

ஐ.பி. முகவரிகள் உலகம் முழுவதற்கும் சேர்த்து சுமார் 430 கோடிதான். இது பழைய கணக்கு முறையில் உள்ள அளவு. வீட்டுக்கு வீடு, போனுக்குப் போன் என்று கொடுக்க இது போதாது. அதனால் இணைப்பு கொடுக்கும் நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. மார்க்கெட்டே இன்னொரு பெரிய காம்பவுண்டுக்குள் இருப்பது போல. வெளி கேட்டின் சாவி நிறுவனத்திடம் இருக்கிறது. உள் கேட்டில் நாம் எத்தனை சீட்டு ஒட்டினாலும், லாரி அங்கே வரை வந்து சேராது. இதை 'சி.ஜி.நாட்' என்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்.

1. வீட்டு வைஃபையில் இணைந்த போனில் பிரவுசரைத் திறந்து 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடிக்க வேண்டும். எது என்பது ரூட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். யூசர் பெயர், பாஸ்வேர்டு அங்கேயே இருக்கும்.

2. உள்ளே 'ஸ்டேட்டஸ்' அல்லது 'வேன்' என்ற பக்கத்தில், நான்கு எண்கள் கொண்ட ஐ.பி. முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. அதே வைஃபையில் இருந்தபடி, 'வாட் இஸ் மை ஐ.பி.' என்று கூகுளில் தேடி, வரும் தளங்களில் ஒன்றைத் திறந்தால் வெளியே தெரியும் முகவரி வரும். எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான முகவரியும் வரலாம். அது புதிய முறை. இப்போதைக்கு அதை விட்டுவிட்டு, நான்கு எண் கொண்டதைப் பார்க்க வேண்டும்.

இரண்டும் ஒன்றாக இருந்தால், போர்ட் ஃபார்வார்டிங்குக்கு வழி உண்டு. வேறு வேறாக இருந்தால் வழி இல்லை. ரூட்டரில் உள்ள முகவரி 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் அது சி.ஜி.நாட் இணைப்பேதான், 2012-ல் இந்த வேலைக்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. 10 என்று தொடங்கினாலும் நிறுவனத்தின் உள் முகவரியாகவே பெரும்பாலும் இருக்கும்.

ரூட்டரில் 192.168 என்று இருந்தால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஃபைபர்காரர் கொடுத்த பெட்டியே ஒரு ரூட்டர்தான். அதற்குப் பின்னால் கடையில் வாங்கிய இன்னொரு ரூட்டரை மாட்டியிருந்தால் வாசல் இரண்டாகிவிடும். அப்போது முதல் பெட்டியின் பக்கத்தைத் திறந்துதான் முகவரியைப் பார்க்க வேண்டும்.

சி.ஜி.நாட் என்று தெரிந்துவிட்டால், போர்ட் ஃபார்வார்டிங் போடுவதற்கு யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். கொடுத்தாலும் வேலை நடக்காது. நிறுவனத்திடம் 'ஸ்டேட்டிக் ஐ.பி.' கேட்டு வாங்கலாம். அதற்கு மாதாமாதமோ ஆண்டுக்கொரு முறையோ கட்டணம் உண்டு. கேமரா பார்ப்பதற்கு மட்டும் என்றால் அந்தச் செலவு தேவையில்லை.

வாசல் திறக்காமலே பார்க்கும் வழிகள்

முதல் வழி, இன்று வரும் பெரும்பாலான டி.வி.ஆர்.களில் உள்ள கியூ.ஆர். கோடு முறை. இதைப் 'பி2பி' அல்லது 'கிளவுட்' என்று மெனுவில் போட்டிருப்பார்கள். இதில் டி.வி.ஆர். தானே வெளியே போய் அதைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு வைத்துக்கொள்கிறது. போனும் அதே சர்வருக்குப் போகிறது. வெளியே போவதை ரூட்டர் தடுப்பதில்லை என்பதால் போர்ட் திறக்க வேண்டியதில்லை, சி.ஜி.நாட் இணைப்பிலும் வேலை செய்யும். மெனுவில் அதை இயக்கி, அந்த நிறுவனத்தின் ஆப்பில் கோடை ஸ்கேன் செய்து, பாஸ்வேர்டு கொடுத்தால் முடிந்தது. பெரும்பாலான விவசாயக் குடும்பங்களுக்கு இதுவே போதும். இதில் ஒரு குறை, நடுவில் இன்னொரு நிறுவனத்தை நம்ப வேண்டியிருக்கிறது. ஆகவே பெயர் தெரியாத மலிவுச் சரக்கைத் தவிர்ப்பது நல்லது. 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் சி.சி.டி.வி. கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயமாகியிருக்கிறது. வாங்கும்போது கடைக்காரரிடம் அதைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது வழி வி.பி.என். இது போனுக்கும் வீட்டுக்கும் நடுவே பூட்டுப் போட்ட தனிப் பாதை. சாவி உள்ள போன் மட்டும்தான் நுழைய முடியும். சில ரூட்டர்களிலேயே 'வயர்கார்டு', 'ஓப்பன் வி.பி.என்.' என்ற பெயர்களில் இந்த வசதி இருக்கிறது. இதற்குச் சொந்த முகவரி வேண்டும். ஒரே ஒரு போர்ட் மட்டும் திறந்திருக்கும். அந்தப் போர்ட்டில் சாவி இல்லாதவனுக்கு டி.வி.ஆர். கண்ணிலேயே படாது. கணினி தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இது நல்ல வழி.

போர்ட் ஃபார்வார்டிங்தான் வேண்டும் என்றால்

டி.வி.ஆரில் கியூ.ஆர். வசதியும் இல்லை, ரூட்டரில் வி.பி.என்.னும் இல்லை, ஆனால் சொந்த முகவரி இருக்கிறது என்ற நிலையில்தான் இதற்கு வர வேண்டும். வரிசை இதுதான்:

1. டி.வி.ஆரின் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். கம்பெனி போட்ட 'அட்மின்', '12345' போன்றவை ஒரு நிமிடம் கூட இருக்கக் கூடாது. அதே மெனுவில் மென்பொருள் அப்டேட் இருந்தால் அதையும் முடித்துவிட வேண்டும்.

2. ரூட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் டி.வி.ஆருக்கு நிலையான உள் முகவரி ஒன்றைப் போட வேண்டும். உதாரணமாக 192.168.1.50. இதைச் செய்யாவிட்டால், ஒருநாள் கரன்ட் போய் வந்ததும் டி.வி.ஆருக்கு வேறு முகவரி வந்து, எல்லாம் நின்றுபோகும். 'நேற்று வரைக்கும் தெரிந்ததே' என்று குழம்புபவர்களுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

3. டி.வி.ஆரின் 'நெட்வொர்க்' மெனுவில் போர்ட் எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

4. ரூட்டரில் 'போர்ட் ஃபார்வார்டிங்' அல்லது 'விர்ச்சுவல் சர்வர்' என்ற பக்கத்தைத் திறந்து, வெளி போர்ட், உள் முகவரி, உள் போர்ட் மூன்றையும் நிரப்பி, 'டி.சி.பி.' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும். ஆப்புக்குத் தேவையான எண் மட்டும் போதும். எல்லா எண்ணையும் திறக்கக் கூடாது.

5. வீட்டு வைஃபையில் இருந்தபடி சோதிக்கக் கூடாது. சரியாகச் செய்திருந்தாலும் சில ரூட்டர்களில் உள்ளிருந்து தெரியாது. போனில் வைஃபையை அணைத்து, சிம் டேட்டாவில்தான் பார்க்க வேண்டும்.

6. சொந்த முகவரியும் அவ்வப்போது மாறக்கூடியதாக இருந்தால், மாறும்போதெல்லாம் ஒரு நிலையான பெயரோடு இணைத்துக்கொடுக்கும் 'டி.டி.என்.எஸ்.' வசதி ரூட்டரிலோ டி.வி.ஆரிலோ இருக்கும். அதை இயக்கிக்கொள்ளலாம்.

'டி.எம்.இசட்.' என்ற பட்டனைத் தொடவே கூடாது. போர்ட் எண் பார்க்கச் சோம்பல்பட்டுச் சிலர் இதைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஓர் எண்ணுக்குச் சீட்டு ஒட்டுவதற்குப் பதிலாக, காம்பவுண்டுச் சுவரையே இடிப்பதற்குச் சமம் அது. 'யு.பி.என்.பி.' என்பதையும் அணைத்து வைக்க வேண்டும். அது இயங்கினால், உள்ளே இருக்கும் கருவிகள் வீட்டுக்காரரைக் கேட்காமலே போர்ட்டைத் திறந்துகொள்ளும்.

ஆபத்து எவ்வளவு?

வாசலில் ஒட்டிய சீட்டு, வருகிறவன் யார் என்று பார்ப்பதில்லை. எண்ணைச் சொன்னால் உள்ளே விடும். 'எங்கள் தோட்டம் இருப்பது யாருக்குத் தெரியும்?' என்று கேட்பவர்கள் உண்டு. தெரிய வேண்டியதே இல்லை. உலகத்தில் உள்ள முகவரிகள் முழுவதிலும் ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று ஒரே கணினியில் இருந்து முக்கால் மணி நேரத்துக்குள் தட்டிப் பார்க்க முடியும் என்று 2013-லேயே ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டினார்கள். தேடுவது மனிதன் இல்லை, எந்திரம். அதற்குத் தோட்டத்து வீடு, மாளிகை என்ற பேதம் கிடையாது.

2016-ல் 'மிராய்' என்ற தீய மென்பொருள் இப்படித்தான் பரவியது. கேமரா, டி.வி.ஆர்., ரூட்டர் ஆகியவற்றில் கம்பெனி போட்ட பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அதன் கையில் இருந்த பட்டியல் ஏறக்குறைய அறுபது மட்டுமே. அதை வைத்தே லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிகளைத் திருப்பிவிட்டு ஒரு நிறுவனத்தைத் தாக்கியதில், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பல மணி நேரம் தடுமாறின. கேமராவின் சொந்தக்காரர்களில் பலருக்குத் தங்கள் கருவி வேறொருவன் சொல்படி ஆடியது தெரியவே இல்லை.

ஆகவே, முன்பு மாட்டிய கேமராக்களையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். மாட்டிக்கொடுத்தவருக்குப் பாஸ்வேர்டு தெரியும் என்றால், வேலை முடிந்த அன்றே மாற்றிவிட வேண்டும். அவர் மேல் சந்தேகப்பட்டு அல்ல; புது வீட்டுக்குப் பூட்டு மாற்றுவது போன்ற வழக்கம்தான் இது. மாற்றியதை ஒரு நோட்டில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வைத்தால் போதும். டி.வி.ஆர். மேல் ஒட்டி வைக்கக் கூடாது.

இன்னும் ஒன்று. கேமரா வாசல், களம், தொழுவம், தோட்டத்துப் பாதையைப் பார்க்கட்டும். படுக்கை அறை, குளிக்கும் இடம், பம்ப்செட் தொட்டி, வேலையாட்கள் உடை மாற்றும் இடம் ஆகியவை அதில் விழக் கூடாது. எங்கெங்கே கேமரா இருக்கிறது, யார் யார் பார்க்க முடியும் என்பதைப் பெற்றோருக்கும் வேலைக்கு வருபவர்களுக்கும் சொல்லிவிட வேண்டும்.

கேமரா நடப்பதைக் காட்டும், ஓடிவந்து தடுக்காது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர் இருவரின் எண்கள், உள்ளூர்க் காவல் நிலைய எண், அவசர உதவி எண் 112 ஆகியவை பெற்றோரின் போனில் ஒரு பட்டனில் போகும்படி இருக்க வேண்டும். வாசலில் ஒரு நல்ல விளக்கும் அவசியம். கரன்ட் போனால் ஃபைபர் பெட்டியும் அணைந்துவிடும் என்பதால், பெட்டிக்கும் டி.வி.ஆருக்கும் கேமராக்களுக்கும் சேர்த்து பேட்டரி வசதி செய்துகொள்வது நல்லது.

கேள்வி: "கிணற்றுமேட்டு மோட்டார் ரூமில் வைஃபை சுவிட்ச் ஒன்றை ஸ்டார்ட்டரோடு இணைத்திருக்கிறேன். வீட்டில் இருந்தபடி மோட்டார் போட முடிகிறது. அதற்கும் போர்ட் திறந்துவிட்டால் வெளியூரில் இருந்தும் போடலாமா?"

– வாசகர் ஒருவர், நாமக்கல் மாவட்டம்.

பதில்: வேண்டாம். கேமரா வாசலில் அந்நியன் நுழைந்தால் படம் பார்ப்பான். மோட்டார் வாசலில் நுழைந்தால் மோட்டாரை ஓட்டுவான். கிணற்றில் தண்ணீர் இல்லாத நேரத்தில் ஓடினால் மோட்டார் எரியும். பைப் கழற்றிக்கொண்டு ஆள் கிணற்றுக்குள் நிற்கும்போது ஓடினால் உயிர் போகும். மலிவான வைஃபை சுவிட்ச் பலவற்றில், உள்ளே வந்தவரிடம் பாஸ்வேர்டு கேட்கும் வசதிகூட இருப்பதில்லை.

இந்த வேலைக்கென்றே சிம் கார்டில் இயங்கும் மொபைல் ஸ்டார்ட்டர் இருக்கிறது. ரூட்டரும் வேண்டாம், போர்ட்டும் வேண்டாம். பதிவு செய்த போன் எண்ணில் இருந்து வரும் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் கட்டுப்படும்படி அமைக்கலாம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்துவது, ஒரு ஃபேஸ் போனால் நிறுத்துவது போன்ற பாதுகாப்புகள் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். கைபேசியில் இயங்கும் பம்ப்செட் கருவிக்குத் தமிழக வேளாண் பொறியியல் துறை மூலம் மானியம் வழங்கப்பட்டு வருகிறது. இந்த ஆண்டு நிலவரத்தைத் துறையின் உபகோட்ட அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

எந்த முறையில் மோட்டாரை ஓட்டினாலும் ஒரு விதி மாறாது. மோட்டார், பைப், கிணறு என்று எதில் கை வைத்தாலும், முதலில் மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, வேலை செய்பவர் தன் மடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். 'போனில் ஆஃப் செய்துவிட்டேன்' என்பதை நம்பி யாரையும் கிணற்றில் இறக்கக் கூடாது.

கேள்வி: "ஆட்டுப்பட்டி வீட்டில் இருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே ஃபைபர் கிடையாது. சிம் போடும் ரூட்டர் வாங்கினால் போர்ட் ஃபார்வார்டிங் செய்ய முடியுமா?"

– வாசகி ஒருவர், சிவகங்கை மாவட்டம்.

பதில்: சிம் இணைப்புகளில் சொந்த முகவரி பொதுவாகக் கிடைப்பதில்லை. மேலே சொன்ன காம்பவுண்டு கதைதான் இங்கும். ஆகவே போர்ட் ஃபார்வார்டிங்கை மறந்துவிட்டு, கியூ.ஆர். கோடு முறையில் இயங்கும் 4ஜி சிம் கேமரா வாங்குவதே சரி. சோலார் பேனலோடும் இவை கிடைக்கின்றன.

டேட்டா கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் படம் வந்தால், ஒரு மணி நேரத்துக்கு 450 எம்.பி. செலவாகும். நாள் முழுக்க விட்டால் 10 ஜி.பி.யைத் தாண்டிவிடும். எனவே பதிவை மெமரி கார்டில் வைத்துக்கொண்டு, அசைவு தெரிந்தால் மட்டும் போனுக்குச் செய்தி வரும்படி அமைக்க வேண்டும். நேரில் பார்க்கும்போது 'சப் ஸ்ட்ரீம்' என்ற குறைந்த தரத்தில் பார்த்தால் போதும். பட்டியில் ஆள் நுழைந்தானா என்று தெரிந்துகொள்ள அது தாராளம்.

வீட்டு மாடியில் இருந்து பார்த்தால் நடுவில் மரமோ கட்டடமோ மறைக்காமல் பட்டி நேராகத் தெரிகிறது என்றால் இன்னொரு வழியும் உண்டு. இரு முனையிலும் வைஃபை ஆன்டெனா ஒவ்வொன்று பொருத்தினால், வீட்டு இணைப்பையே பட்டிக்குக் கொண்டுபோகலாம். மாதச் செலவு கிடையாது. தென்னை, பனை நடுவில் வந்தால் சிக்னல் அடிபடும். வாங்கும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியவை

* டி.வி.ஆர்., கேமரா, ரூட்டர் மூன்றுக்கும் கம்பெனி பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். மூன்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு.

* ரூட்டரில் 'போர்ட் ஃபார்வார்டிங்', 'டி.எம்.இசட்.' பக்கங்களைத் திறந்து, தேவையில்லாமல் ஏதும் போட்டிருந்தால் நீக்க வேண்டும். 'யு.பி.என்.பி.'யை அணைக்க வேண்டும்.

* ஆப்பில் யார் யார் போன் இணைந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து, தெரியாததை நீக்க வேண்டும்.

* கேமரா தானாகத் திரும்புவது, தெரியாத குரல் வருவது, பாஸ்வேர்டு மாறியிருப்பது போன்றவை தெரிந்தால், உடனே டி.வி.ஆரில் இருந்து இணைய ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். பதிவு நிற்காது, வெளித் தொடர்பு மட்டும் அறும். பிறகு மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம்.